சிஸ்டர் ஐடெல்லாவின் இடக்கை

என் வீட்டுக்காரர் எல்வுட் கிட்டன்ஸ் பகலில் தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிப்பவர். மாலையானால் செத்துப்போன பியானோக்காரர்களுக்குக் குமாஸ்தா. பழைய இசைத்தட்டை ஓடவிட்டு, காதில் விழுவதை ஒரு சுரம் விடாமல் தாளில் எழுதுவார். ஒரு பதிப்பகம் அதை வாங்கி அச்சிட்டு விற்கும். எங்கள் ஹார்லெம் பேட்டையில் மற்றவர்களின் புருஷன்மார் மாலையில் குதிரைப் பந்தயம் பேசுவார்கள். என்னுடையவர் கிராமபோன் ஊசியைத் தூக்கித் தூக்கி ஒரே இடத்தில் வைப்பார். ஒரே துண்டை இரவுச் சாப்பாடு வரைக்கும் கேட்டால் எவ்வளவு நல்ல பாட்டும் பல்வலியாகிவிடும். நான் திட்டாத திட்டு இல்லை. அவர் காதில் ஏறினால்தானே.

அந்தக் குளிர்காலத்தில் ராஸ்கோ டாலிவரின் இசைத்தட்டு வந்தது. ராஸ்கோ எங்கள் தெருக்காரர், நாங்கள் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். முறம் மாதிரிக் கை. இந்த வகை ஜாஸ் வாசிப்பில் இடக்கை சும்மா இருக்காது. கீழே ஒரு சுரம், நடுவில் ஒரு கொத்து என்று தாவிக்கொண்டே இருக்கும். பத்துக் கட்டை தள்ளியிருக்கும் இரண்டு சுரங்களை ராஸ்கோ ஒரே அடியில் அமுக்குவார். அவர் விட்டுப்போனது அந்த ஒரு தட்டுதான். அதில் ஒரே மெட்டு மூன்று சுற்று வரும்.

கடைசிச் சுற்றை எழுதும்போது எல்வுட் பேனாவை வைத்துவிட்டார். அதில் மட்டும் அந்த இரண்டு சுரங்களும் சேர்ந்து விழவில்லை. கீழ்ச்சுரம் முதலில், மேலது ஒரு இமைப்பொழுது கழித்து.

"எட்டுற கைக்கு எதுக்கு ஒடைச்சு வாசிக்கணும், லூவி? இது வேற ஆளு. சின்னக் கை."

உனக்கு மூளை கலங்கிவிட்டது என்றேன். ஆனால் எனக்கும் தெரியாததல்ல. அந்தக் காலத்து வீட்டு விருந்துகளில் பியானோக்காரர் ஒருவர் களைத்தால் அடுத்தவர் அதே பெஞ்சில் சறுக்கி உட்காருவார். தாளம் நிற்காமல் இடக்கை கைமாறும். ஆடுகிறவர்களுக்கு ஆள் மாறியதே தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சபையில், பாடிவிட்டு நான் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபின், காணிக்கை எடுக்கும்போது அவர் முழங்கை என் விலாவில் இடித்தது. பியானோவில் பாஸ்டர் ஹோல்மனின் மனைவி சிஸ்டர் ஐடெல்லா. நிதானமான கீர்த்தனைதான். ஆனால் இடக்கை அதே மாதிரி உடைந்து உடைந்து விழுந்தது. நான் காணிக்கைத் தட்டைச் சட்டென்று அவர் கையில் திணித்தேன். ராஸ்கோ வாசித்த மாதிரி ஜாஸ் பாட்டைப் பிசாசின் விளக்குமாறு என்று பாஸ்டர் திட்டி அரைமணிகூட ஆகவில்லை. பாடகர் குழுவில் முன்வரிசைக்கு வர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காதே என்று வீடு வரும்வரை அவரிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

மேலே ராஸ்கோ பெயரை மட்டும் போட்டால் தான் எழுதுவது பொய் என்றார் அவர். அந்த அம்மாளின் வாசிப்பை ஊரே இன்னொருவர் பெயரில் வாசிக்கப்போகிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. நான் தாங்கியிருப்பேன், சத்தியமாக.

புதன்கிழமை பாட்டுப் பயிற்சி முடிந்து எல்லாரும் போனபின், என்னை அழைத்துப்போக வந்திருந்த அவர், கடைசிச் சுற்றில் வாசித்தது நீங்கள்தானே என்று கேட்டேவிட்டார். சிஸ்டர் ஐடெல்லா அவரை ஏற இறங்கப் பார்த்து, அப்படி ஒரு இசைத்தட்டைப் பற்றிக் கேள்விப்பட்டதே இல்லை என்று கையுறையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். எல்வுட் விடவில்லை. பியானோவில் உட்கார்ந்து தான் எழுதியதைத் தட்டுத்தடுமாறி வாசித்தார். ஓரிடத்தில் இசைத்தட்டு கீறியிருந்ததால் ஊகித்து எழுதியிருந்தார். அந்த இடம் வந்ததும் வாசலில் காலடிச் சத்தம் நின்றது.

"அங்க அது வராது."

திரும்பி வந்தார். கையுறையைக் கழற்றினார். எல்வுட்டைத் தோளால் தள்ளிச் சறுக்கி உட்கார்ந்து, அந்தச் சுற்றை முழுசாக வாசித்தார். அந்த வயதான சின்னக் கை கீழுக்கும் நடுவுக்கும் தாவியதைப் பார்த்து நான் அழுதுவிட்டேன். முடித்ததும் மூடியைச் சாத்தினார்.

"என் பேரு எங்கயும் வரக்கூடாது, பிரதர் கிட்டன்ஸ். பாஸ்டரோட அதே வீட்லதான் நான் இருந்தாகணும்."

எல்வுட் சரி என்றார். வாக்கையும் மீறவில்லை. ஆனால் அந்த அம்மாள் வாசிக்கும்போது அவர் கண் இடக்கையை விட்டு நகரவே இல்லை. வீட்டுக்கு வந்து கடைசிச் சுற்றின் ஒவ்வொரு இடக்கைச் சுரத்துக்கும் கீழே எந்த விரல் என்று எண் போட்டார். சுண்டுவிரலுக்கு ஐந்து, கட்டைவிரலுக்கு ஒன்று. ராஸ்கோவின் கைக்குத் தேவையே இல்லாத எண்கள். பதிப்பகத்தார் எண்களை எடுத்துவிட்டு, உடைந்த சுரங்களையும் ஒன்றாகச் சேர்த்து எழுதச் சொன்னார்கள். மாற்றினால் தாள் தரமாட்டேன் என்றுவிட்டார். இந்த மனுஷனுக்கு இவ்வளவு பிடிவாதம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது.

வசந்தத்தில் அச்சாகி வந்தது. அட்டையில் ராஸ்கோ டாலிவர் மட்டும். எல்வுட் ஒரு பிரதியைப் பாஸ்டர் வீட்டுக்கே கொண்டுபோனார். அடுத்த ஞாயிறு பாடகர் குழுவில் எனக்கு எந்த வரிசையோ என்ற பயத்தோடு நானும் பின்னால் போனேன். பாஸ்டர் மேசையில் பிரசங்கம் எழுதிக்கொண்டிருந்தார். சிஸ்டர் ஐடெல்லா அட்டையைப் பார்க்கவில்லை. நேராகக் கடைசிச் சுற்றைப் புரட்டி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அந்தக் குட்டி எண்களின் மேல் விரலை வைத்து வரிவரியாக நகர்த்தினார். ஓரிடத்தில் விரல் நின்றது.

பாஸ்டர் தலை நிமிர்ந்து அது யாருடைய பாட்டு என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன்.

"முதல் ரெண்டு சுற்று ராஸ்கோவோடது. கடைசிச் சுற்று என்னோடது" என்றார் சிஸ்டர் ஐடெல்லா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "இதுல ஒரு விரல் விட்டுப்போயிருக்கு. அந்தப் பென்சிலக் கொஞ்சம் குடுங்க."

பாஸ்டர் பாதியில் நின்ற தன் பிரசங்கத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். பிறகு பென்சிலை நீட்டினார்.