கடைசி வரிசைக்கு ஒரு லென்ஸ்

கேமரா முதலில் வந்தது, லென்ஸ் பிறகுதான் வந்தது. சொன்னால் சிரிப்பார்கள். சக்கரம் இல்லாத சைக்கிளை வாங்கி வீட்டில் நிறுத்திவைத்த கதைதான்.

செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியில் குடியிருந்தேன். மாடியில் ஒரு வெள்ளைக்கார அம்மா வாடகைக்கு இருந்தார். ஒரேயடியாக ஊருக்குத் திரும்பும்போது தன் டிஜிட்டல் கேமராவைப் பாதி விலைக்கும் கம்மியாக என் தலையில் கட்டிவிட்டுப் போனார். லென்ஸ்களை மட்டும் மகனுக்கு வேண்டும் என்று பெட்டியில் வைத்துக்கொண்டார். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று முதலில் நான் மறுத்ததென்னவோ உண்மை. கையில் வாங்கிய பிறகு திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. நல்ல கனம். அந்த வீட்டில் கையில் பிடித்துக்கொள்ள எனக்கு வேறு என்ன இருந்தது?

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் எனக்கு வேலை. என் வீட்டுக்காரர் சர்வீசில் இருக்கும்போதே இறந்துவிட்டதால் கருணை அடிப்படையில் கொடுத்தார்கள். அப்போது எனக்கு முப்பதுகூட ஆகவில்லை, குழந்தையும் இல்லை. அடி அண்ணாமலையில் விவசாயம் பார்க்கும் என் அண்ணன் தன் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். "உனக்குத் துணைக்கு இருக்கட்டும்மா. இங்கயே ஸ்கூலுக்குப் போவட்டும்" என்று விட்டுவிட்டுப் போனார். ஆறாம் வகுப்பு படிக்கிற பெண். துணைக்கு வந்தவள் என் உயிராகிப் போனாள். பேன் பார்த்தேன், கணக்குப் போடத் தெரியாததற்குத் தலையில் குட்டினேன், காய்ச்சலில் விடிய விடிய மடியில் போட்டுக்கொண்டேன். பெரியவளானபோது பெற்ற தாய்க்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத்தான் தெரியும்.

அந்தச் சடங்கில் தண்ணீர் ஊற்ற வேண்டியது அத்தை முறை. சொம்பைக் கையில் எடுத்தேன். சொந்தக்காரப் பெண் ஒருத்தி அதை மெதுவாக என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "நீ பந்தியப் பாத்துக்கம்மா, அங்க ஆளு கம்மியா இருக்கு" என்றாள். சண்டை இல்லை, சத்தம் இல்லை. ஐயோ, அந்த மரியாதையைத்தான் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாரும் சொல்வதற்கு முன்னால் நானே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வேன். எனக்கு வாய் ஜாஸ்தி என்று ஆபீசில் பியூன் முதல் தாசில்தார் வரைக்கும் தெரியும். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயே வராது.

படித்து முடித்து அவள் சென்னைக்கு வேலைக்குப் போனாள். பிறகு வீட்டில் ஃபேன் சத்தம்தான். ஒரு ஆளுக்கு உலை வைப்பதைப் போல அலுப்பான வேலை உலகத்தில் கிடையாது. ராத்திரிக்கும் சேர்த்துக் காலையிலேயே வடித்துவிடுவேன். டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண்ணுக்குப் பதில் சொல்லிக்கொண்டு சாப்பிடுவேன். மாடி வீட்டு அம்மா கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனது அந்தச் சமயத்தில்தான்.

அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் கழுத்தில் தாலி ஏறுவதை நான் கண்ணாரப் பார்க்க வேண்டும். வேறு ஒரு ஆசையும் எனக்கு இல்லை. மண்டபத்தின் கடைசியிலிருந்து பார்த்தால் மேடையில் மாலைதான் தெரியும், முகம் தெரியாது. லென்ஸ் இல்லாமல் பீரோவில் கிடந்த கேமராவை அப்போதுதான் வெளியே எடுத்தேன்.

ஒரு இரண்டாம் சனிக்கிழமை பஸ் ஏறிச் சென்னைக்குப் போனேன். கையிலிருந்த பணத்துக்கு ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும். கடைக்காரர் கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்கு மேடம் எடுக்கப்போறீங்க?" என்று கேட்டார்.

"கல்யாணத்துக்குங்க. எங்க அண்ணன் பொண்ணு."

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்று லென்ஸ்களை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். அதில் குட்டையாக, டப்பா மூடி அளவுக்கு இருந்ததை என் பக்கம் நகர்த்தினார்.

"இது ஐம்பது மில்லிமீட்டர். விலையும் கம்மி, இருட்டுலயும் நல்லா விழும். ஜூம் மட்டும் கெடையாது. நீங்கதான் நடந்து கிட்ட போவணும். பொண்ணுக்கு அத்தைன்றீங்க, மேடையிலயே நிப்பீங்க, அப்புறம் என்ன?"

"அது வேணாங்க."

"அப்ப இத எடுத்துக்கோங்க. இதுல மேடை மொத்தமா அடங்கிடும். குடும்பத்தோட குரூப் ஃபோட்டோ எடுக்கலாம்."

"அதுவும் வேணாம். தூரத்துல இருக்கறது கிட்ட தெரியணும்."

மூன்றாவதைத் தொட்டார். நல்ல நீளமாக இருந்தது. "எவ்ளோ தூரம் மேடம்?"

"மண்டபத்துல கடைசி வரிசை."

"சொந்த அண்ணன் பொண்ணுன்னு சொன்னீங்களே?"

சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏங்க, சொந்தக்காரங்க பின்னாடி உக்காரக் கூடாதுன்னு உங்க கடையில சட்டம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிட்டேன். மனுஷர் என்ன செய்வார், பாவம். அவர் பார்வை என் நெற்றிக்குப் போய்விட்டு மேஜைக்கு இறங்கியது. புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். நீள லென்ஸைத் துணியால் துடைத்துக் கேமராவில் மாட்டி என் கையில் கொடுத்தார். "கை ஆடுனா படமும் ஆடிடும் மேடம். தூண்ல சாஞ்சிக்கினு எடுங்க" என்றார். ஊர் வரும் வரைக்கும் அந்தப் பையை மடியிலேயே வைத்திருந்தேன்.

சாயங்காலங்களில் மாடிக்கு ஏறி லென்ஸில் பார்த்துப் பழகினேன். மலைமேல் பாறைக்குப் பாறை தாவும் குரங்கு, பக்கத்துத் தெருவில் மிளகாய் வற்றல் அள்ளும் பெண்கள், எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தன. பௌர்ணமி அன்று வெளிச்சம் போவதற்கு முன்னால் ரோட்டில் கிரிவலம் போகிறவர்களைப் பார்த்தேன். ஒரு புருஷனும் பெண்டாட்டியும் செருப்பில்லாமல் நடந்துகொண்டே ஒரே பொட்டலத்திலிருந்து வேர்க்கடலை தின்றார்கள். அவள் என்னவோ சொன்னாள், அவன் சிரித்தான். அவர்கள் நடுவில் நான் நிற்பது போலவே இருந்தது, ஆனால் அவர்களுக்கு என்னைத் தெரியாது. வயிற்றெரிச்சலாக இருந்தது. கேமராவை இறக்கிவிட்டுக் கீழே வந்துவிட்டேன்.

கல்யாணம் ஊருக்குள்ளேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. காலை முகூர்த்தம். அடி அண்ணாமலையிலிருந்து வேனில் வந்து இறங்கியவர்கள் முன் வரிசைகளைப் பிடித்துக்கொண்டார்கள். அண்ணன் என்னிடம் வந்து, "முன்னாடி வந்து உக்காரும்மா" என்றார். அதைப் பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். அவருக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன். தைரியம்தான் இல்லை. "நான் ஃபோட்டோ எடுக்கணும்ணா, நீங்க போங்க" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

கடைசி வரிசைக்குப் பக்கத்துத் தூணில் சாய்ந்து கேமராவை உயர்த்தினேன். அடேயப்பா! வீடியோக்காரரின் விளக்கு வெளிச்சத்தில் என் பெண்ணின் மூக்கு நுனியில் வேர்வை தெரிந்தது. ஒரு பக்கம் மை லேசாகக் கலைந்திருந்தது. துடைத்துவிடக் கை போனது, பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. பரவாயில்லை, பார்க்கிறேனே, அது போதும் என்று நினைத்துக்கொண்டேன். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். கெட்டிமேளம் என்று குரல் கொடுத்தார்கள்.

மண்டபம் மொத்தமும் எழுந்து நின்றது.

அட்சதை போட எழுந்திருப்பார்கள் என்பது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை. அந்தச் சடங்குக்குப் பிறகு எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், ஆனால் மேளம் கொட்டுகிற நேரத்தில் கடைசி வரிசையிலிருந்தும் எழுந்து பந்திக் கூடத்தில் இலை போடப் போய்விடுவேன். முன்னால் முதுகு, முதுகுக்கு மேல் கை, கைக்கு மேல் பறக்கும் அரிசி. எக்கிப் பார்த்தேன், தூணுக்கு அந்தப் பக்கம் ஓடிப் பார்த்தேன். பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன். யாரோ ஒருவருடைய வழுக்கைத் தலையும் ஒரு அம்மாளின் கல் வளையலும் அவ்வளவு தெளிவாக விழுந்திருந்தன. எல்லோரும் உட்கார்ந்தபோது தாலி ஏறிவிட்டிருந்தது. தூணுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன்.

பெண்ணையும் மாப்பிள்ளையையும் சாப்பிட அழைத்துப் போனார்கள். பந்திக்குப் போகும் வழி என் தூணை ஒட்டித்தான். அவள் என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் கையை விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்தாள்.

"எங்க அத்தை போயிட்ட? தாலி கட்டும்போது உன்னைத் தேடனேன்."

"இங்கதான்டி இருந்தேன்."

"இங்க இருந்தா எனக்கு எப்படித் தெரியும்?"

மூக்கை உறிஞ்சிக்கொண்டேன். அவள் என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தாள். "சரி, இப்பயாவது எடு" என்று சிரித்துக்கொண்டு என் எதிரிலேயே நின்றாள். கண்ணில் வைத்தேன். அந்த லென்ஸுக்கு எதிரில் நாலைந்து அடி இடம் வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்காது. கிர்ர் கிர்ர் என்று முன்னும் பின்னும் ஓடியதே தவிர அவள் முகம் நிலைக்கவில்லை. சிவப்பும் மஞ்சளுமாகக் கலங்கித் தெரிந்தது.

"கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு. அப்பதான் இதுல விழும்."

அவள் நகரவில்லை. சிரிப்பு போய்விட்டது. லென்ஸின் மேல் கையை வைத்துக் கீழே அழுத்தினாள்.

"நீ தள்ளி நின்னது போதாதா? என்னையும் தள்ளி நிக்கச் சொல்றியா?"

என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மாலை இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்கியது. எல்லோரும் பார்க்கிறார்கள் என்று தெரியும், யாராவது ஏதாவது சொல்வார்கள் என்றும் தெரியும். விட்டுவிடுடி என்று வாய் சொன்னது, கை விடவில்லை. பிறகு அண்ணி வந்து பந்திக்கு நேரமாகிறது என்று அவளைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவளுடைய கல்யாணப் படங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, எல்லாம் மண்டபத்தின் கடைசியிலிருந்து எடுத்தவை. தூணோரத்தில் அவள் என் எதிரில் வந்து நின்றபோது எடுத்தது ஒன்றுகூட இல்லை. அந்த லென்ஸுக்குப் பிடிக்க முடியாத அளவுக்கு அவள் கிட்ட வந்துவிட்டாள்.