மாசியில் கேட்ட மழை

அருப்புக்கோட்டையில் என் வாரம் திங்கட்கிழமை துணி துவைப்பதில் தொடங்கும். குழாயில் தண்ணீர் வந்தால் துவைப்பேன். வராவிட்டால் போன வாரத்துச் சட்டையே இந்த வாரமும். செவ்வாயும் புதனும் திருச்சுழிப் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போக வேண்டும். வியாழன் எம்.ரெட்டியபட்டியைத் தாண்டி ஒரு கிராமத்தில் வீட்டு ஜெபம். வெள்ளி உபவாசம். சனிக்கிழமை சபைக் கூடத்தைப் பெருக்கிப் பாய் விரிப்பேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகரிடம் வார அறிக்கை கொடுக்க வேண்டும்: எத்தனை வீடு, எத்தனை பேர், எத்தனை கைப்பிரதி கொடுத்தேன். அதைக் கொடுத்த பிறகுதான் சாப்பாடு.

நான் இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். பதினாறு வயதில் எழுதும் ஓ.எல். பரீட்சைக்கு முன்பே பள்ளிக்கூடத்தை விட்டேன். கொழும்பில் சாப்பாட்டுக் கடை, வவுனியாவில் கல் உடைக்கும் இடம், கத்தாரில் இரண்டு வருடம் என்று அலைந்தேன். இருபத்தாறு வயதில் எங்கள் சபை ஒரு வருட ஊழியத்துக்கு இங்கே அனுப்பியது. ஆண்டவர் அழைத்தார் என்று சாட்சி சொல்லும்போது சொல்வேன். அது பொய்யில்லை. ஒரே இடத்தில் நிலையாக இருக்க எனக்கு வராது என்பதும் பொய்யில்லை.

வியாழக்கிழமை ஜெபம் ஓர் அக்காவின் வீட்டில் நடக்கும். அந்த ஊரில் எனக்குக் கதவைத் திறந்த ஒரே வீடு அது. ஐந்தாறு பெண்கள் வருவார்கள். அவளுடைய புருஷனை அண்ணன் என்று கூப்பிடுவேன்; அவர் உள்ளே வர மாட்டார். வாசலில் உரச்சாக்கைப் போட்டு உட்கார்ந்து பீடி குடிப்பார். கேரளாவில் ரோடு போடும் வேலை அவருக்கு. பொங்கலுக்கு வந்தவர், இரண்டு ஏக்கர் பருத்தி நன்றாக இருக்கவே திரும்பிப் போகவில்லை. பஞ்சு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தால் இந்த வருடம் போக வேண்டாம் என்று இருவரும் பேசிவைத்திருந்தார்கள். அக்கா இதை என்னிடம் மூன்று வாரம் தொடர்ந்து சொன்னாள். மூன்று வாரமும் நான் தலையாட்டினேன்.

நான் இங்கு வந்தது புரட்டாசியில். விதைத்துவிட்டு எல்லோரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். மழைக்கு ஜெபிக்கச் சொன்னார்கள். எங்கள் தோட்டத்தில் துவைத்த துணி காய மூன்று நாள் ஆகும். மழை வேண்டும் என்று அங்கே யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனாலும் ஒரு ஜெபம் அமைந்தது. வறண்ட கண்மாய், வெடித்த கரிசல், வாடிய பயிர் என்று அடுக்கிக்கொண்டே போகும்போது ஆமென் பலமாக வந்தது. அதன் பிறகு எந்த வீட்டில் என்ன கஷ்டத்துக்கு ஜெபித்தாலும் கடைசியில் அதைச் சேர்த்துவிடுவேன். நாளுக்கு மூன்று பஸ் மாறி வெயிலில் நடந்தபின் வாய் தானாகவே பேசும்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, அக்காவின் வீட்டிலும் அப்படியே முடித்தேன். ஆமென் வரவில்லை. கண்ணைத் திறந்தேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

“தம்பி, மழை வேணாம்ய்யா,” என்றாள் அக்கா. “பஞ்சு வெடிச்சுக் கெடக்கு. திங்கக்கெழம எடுக்க ஆள் சொல்லியிருக்கேன்.”

வாசலில் அண்ணனோடு உட்கார்ந்திருந்த அவள் கொழுந்தன் சிரித்தான். “மதினி, அவரு ஆர்டரு போட்டுட்டாரு. இனி கேன்சல் பண்ண முடியாது.”

மன்னிப்புக் கேட்டு, மழை வேண்டாம் என்று மறுபடி ஜெபித்தேன். அது எனக்கே ஒழுங்காக வரவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் பாய் விரித்துக்கொண்டிருந்தபோது மழை வந்தது. ஒன்றரை மணி நேரம் பெய்தது. சூடு தணிந்தது என்று தெருவில் சந்தோஷமாகப் பேசிக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை போதகரிடம் கிராமத்துக்குப் போகிறேன் என்றேன்.

“ஆராதனை நாள்ல அங்க என்ன?”

“பஞ்சு, ஐயா.”

“பஞ்சா?”

விளக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. பஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

கரிசல் மண் செருப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தேன். செடிகளில் பஞ்சு நனைந்த கோழிக்குஞ்சு மாதிரி சுருங்கித் தொங்கியது. வெயில் ஏறிக் காயட்டும் என்று அக்கா வீட்டார் வரப்பில் காத்திருந்தார்கள். என்னைக் கண்டதும் கொழுந்தன் கத்தினான். “மழைக்காரரு வாராரு, கொடய எடுங்கலே!”

“என்னாலதான்க்கா,” என்றேன்.

அக்கா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “ஒங்க சொல்லுக்கு மழ பேயும்னா புரட்டாசியிலேயே பேஞ்சிருக்கணும். அப்ப மாசம் பூரா கேட்டீகளே, வந்துச்சா? ஐப்பசியிலதான வந்துச்சு. இங்க வந்ததுக்குப் பஞ்ச எடுங்க.”

அவர்களுக்கு ஒரு கை போதும். எனக்கு இரண்டு கையும் போதவில்லை. காய்ந்த காயின் முனை குத்தி விரல் நுனியெல்லாம் கிழிந்தது. மத்தியானம் தூக்குவாளியில் கம்மங்கஞ்சி வந்தது. அந்த ஒரு ஞாயிறு அறிக்கை கொடுக்காமல் சாப்பிட்டேன்.

எடுத்த பஞ்சு நிறம் மங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை வந்த வியாபாரி சாக்குக்குள் கையை விட்டுப் பார்த்து, பாதிக்கு மேல் மில்லுக்கு ஆகாது என்று தள்ளிவிட்டுப் போனாராம். புதன்கிழமை போதகர் என்னைக் கூப்பிட்டார். ஆறு மாதமாகியும் அந்த ஊரில் வளர்ச்சி இல்லை, அடுத்த வாரத்திலிருந்து வியாழனுக்கு மல்லாங்கிணறு ஊரைப் பார்க்கலாம் என்றார். சரி என்றேன். உள்ளுக்குள் நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் நான் போனபோது அண்ணன் கேரளாவுக்குப் போகப் பையைக் கட்டி வைத்திருந்தார்.

“அவுக நல்லபடியா போய்ச் சேரணும்னு கேளுங்க. வேற ஒண்ணும் கேக்காதீக,” என்றாள் அக்கா.

அதை மட்டும் கேட்டேன். ஒரே வரி. இன்னும் வரும் என்று பெண்கள் வெகுநேரம் கண்ணை மூடியே இருந்தார்கள். இனி வரமாட்டேன் என்பதைச் சொல்லாமலே கிளம்பினேன்.

அண்ணனும் நானும் ஒரே பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு வந்தோம்.

“ஒங்களுக்கு எப்ப தம்பி ஊருக்கு?”

“புரட்டாசியிலண்ணே.”

“எனக்கும் வெதப்புக்குத்தான்.” பையைக் காலுக்கடியில் தள்ளிக்கொண்டு, “வியாழக்கெழம தவறாமப் போயிட்டு வாங்க. ஜெபம் பண்ணுறீகளோ இல்லையோ. ஆள் வந்து போற வீடா இருக்கணும்,” என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டார். தலை என் தோளில் சாய்ந்திருந்தது. பஸ் நிலையத்தில் எழுப்பி, பையை எடுத்துக் கொடுத்தேன். “போறேன்ணே,” என்றேன். நான் சொன்னது வியாழக்கிழமையைப் பற்றி என்று அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏறிக்கொண்டார்.

போதகரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மறுநாள் உபவாசம். முதலில் சாப்பிட்டுவிடலாம் என்று கடைக்குப் போனேன்.