இரண்டு பேருக்கும் சளி

தோல் பதனிடுகிற ஷாப்பில் கடைசிச் சம்பளம் வாங்கிய மறுநாள் என் வீட்டுக்காரர் ஒரு அறிவிப்பு செய்தார். இனிமேல் காலை டீ அவர் பொறுப்பாம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அடுப்பங்கரையை எட்டிப் பார்க்காத மனிதர். தெருவில் இதைக் கேட்ட பெண்களுக்குப் பொறாமை தாங்கவில்லை. எனக்கோ அன்றிலிருந்து காலைத் தூக்கம் போனது.

அவர் எழுந்து போனதும் கண்ணை மூடிக்கொண்டு படுத்தபடியே காதைக் கொடுத்துக் கேட்பேன். முதலில் பாத்திரம் வைக்கிற சத்தம். அப்புறம் அடுப்பின் குமிழைத் திருகுகிற சத்தம். அதற்கப்புறம் லைட்டர் ஒரு தடவை, இரண்டு தடவை. 'குப்'பென்று பற்றிக்கொண்ட பிறகுதான் எனக்கு மூச்சு வரும். நடுவில் அவர் சர்க்கரை டப்பாவைத் தேடி நின்றுவிட்டால் எழுந்து ஓடலாமா என்றிருக்கும். ஓடினால் ஏன் என்று கேட்பார்.

எனக்கு வாசனை தெரியாது. மல்லிப்பூவும் தெரியாது, சாக்கடையும் தெரியாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஒட்டுகிற மேசையில்தான் என் காலமெல்லாம் போனது. சொல்யூஷன் என்று நாங்கள் சொல்கிற பசையைப் பிரஷ்ஷால் தோலின் ஓரத்தில் தடவி, மடித்து, தட்டி ஒட்ட வேண்டும். சேர்ந்த புதிதில் தலை சுற்றும், சோறு இறங்காது. பிறகு அந்த நாற்றம் தெரியாமல் போனது. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். பழகவில்லை, மூக்கே போய்விட்டது என்று புரிவதற்கு வெகு காலம் ஆயிற்று.

இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சென்னையிலிருக்கிற மகளுக்குப் போகும். அவள் ஏற்கெனவே, "வயசான காலத்துல அங்க தனியா இன்னாம்மா பண்றீங்க, பேசாம இங்க வந்துடுங்க" என்று போன் போடும்போதெல்லாம் பல்லவி பாடுகிறவள். அவள் வீடு ஏழாவது மாடியில் இருக்கிறது. அங்கே நான் துணி காயப்போடக்கூட ஒருவரைக் கேட்க வேண்டும். இந்த வீட்டிலோ இப்போதுதான் நாங்கள் குடித்தனமே பண்ண ஆரம்பித்திருக்கிறோம். அவருக்கு ஷிப்டு, எனக்குக் கம்பெனி பஸ். ஒருவர் வரும்போது இன்னொருவர் செருப்பு மாட்டிக்கொண்டிருப்போம். சூடான சோற்றை உட்கார்ந்து சாப்பிடுவது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் கண்டேன். மத்தியானம் மழை பெய்தால் ஜன்னலோரம் உட்கார்ந்து சும்மா பார்க்கலாம். யாரும் அதட்ட மாட்டார்கள். சாயங்காலம் அவர் ரயில்வே கேட் வரை நடந்துவிட்டு ஒரு முழம் மல்லி வாங்கி வருவார். நான் தலையில் வைத்துக்கொண்டு, "ஆளைத் தூக்குதுங்க" என்பேன். நான் ரசம் தாளித்தால் அவர் கூடத்திலிருந்தே, "தெருமுனை வரைக்கும் வருதுடி" என்பார். இந்தப் பேச்சுக்காகவே தினமும் ரசம் வைத்தேன்.

அடுப்புப் பழகாதவராயிற்றே என்கிற காலைப் பயம் தவிர, என் மூக்கு போனால் என்ன, அவருடையது இருக்கிறதே என்று தைரியமாக இருந்தேன். அவருக்கு மூக்கு விஷயத்தில் பெருமை ஜாஸ்தி. "பச்சைத் தோல் லாரி கேட்டுக்குள்ள நுழையுறப்பவே சொல்லிடுவேன், எந்தக் கட்டு அழுகிப்போச்சுன்னு. முதலாளியே அசந்துடுவாரு" என்பார். இதைக் கேட்காத சொந்தக்காரர்கள் கிடையாது. ஒரு வீட்டுக்கு ஒரு மூக்கு போதும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்வேன்.

அந்தத் தைரியத்தில் ஓட்டை விழுந்தது ஒரு மத்தியானம். நான் மாடியில் வற்றல் எடுத்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்தால் வீடெல்லாம் புகை. அடுப்பில் பால் தீய்ந்து, பாத்திரம் கரியாகிக் கிடந்தது. அடுத்த அறையில் இவர் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கத்தித் தீர்த்தேன். "படிச்சிட்டிருந்தேன், கவனிக்கல" என்றார். இன்னொரு நாள் முந்தின நாள் சாம்பாரை ஊற்றி ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். நான் போய்ப் பார்த்தால் மேலே நுரை கட்டியிருந்தது. கெட்டுப்போனதை நாக்கில் வைக்கும் வரை கவனிக்காமல் இருந்திருக்கிறார்.

மறதி நோய் என்று முடிவு கட்டிவிட்டேன். டிவியில் ஒரு டாக்டர் சொன்ன அடையாளமெல்லாம் இவருக்கு இருப்பதாகவே பட்டது. இவருக்குப் புத்தி தடுமாறினால் நான் எங்கே போவேன்? பயத்தில் அவருக்கே தெரியாமல் பரீட்சை வைத்தேன். மகள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் எந்த ஊர், கூட வேலை பார்த்தவரின் சின்ன மருமகன் என்ன வேலை செய்கிறார் என்று பேச்சுவாக்கில் கேட்பேன். எல்லாவற்றுக்கும் டக்கென்று பதில் சொன்னார். "இன்னா, இன்னைக்கு ரொம்ப பேஜார் பண்ற?" என்று சிரித்தார். மறதி இல்லையென்றால் வேறென்ன என்று எனக்குப் பயம் இன்னும் கூடியது. பள்ளி லீவுக்குப் பேத்தியை அனுப்புவதாக மகள் வேறு சொல்லியிருந்தாள்.

அப்படி இருக்கையில் ஒரு நாள் காலை, வழக்கம்போல அவர்தான் டீ போட்டார். பொங்கி வழிந்துவிட்டது என்று துணியால் துடைத்தார். எனக்கு ஒரு டம்ளரும் அவருக்கு ஒரு டம்ளரும் ஊற்றிவிட்டு வாசலுக்குப் போய் உட்கார்ந்தார். நான் குடித்து முடித்து, அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்க ஆரம்பித்தேன். தலை கனமாக இருந்தது. சரியாகத் தூங்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் மிச்சமிருந்த டீயைச் சூடு பண்ண உள்ளே வந்தார், லைட்டரைக் கையில் எடுத்தார்.

"அரே! அத்த கீழ வைங்க! வைங்க கீழ!"

பக்கத்து வீட்டு பாய் சம்சாரம் பின்வாசலில் நின்று கத்தினார். எங்கள் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தவர். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே பாய்ந்து வந்து குமிழைத் திருகினார், சிலிண்டரை மூடினார், ஜன்னலைத் தள்ளித் திறந்தார், என் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். பொங்கின டீ தீயை அணைத்திருக்கிறது. தீ இல்லாததால் மூடியாயிற்று என்று இவர் நினைத்திருக்கிறார். அத்தனை நேரமும் கேஸ் வந்துகொண்டே இருந்திருக்கிறது. நான் அதன் நடுவில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கியிருக்கிறேன்.

"எங்க வூட்டு வரைக்கும் நாத்தம் வருது. உள்ளயே இருக்கீங்க, ரெண்டு பேருக்கும் தெரியலியா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"எனக்குச் சளிங்க" என்றேன் நான்.

அதே நேரத்தில் அவரும், "எனக்குச் சளிம்மா" என்றார்.

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் மூக்கும் ஒழுகவில்லை. பாத்திரத்தைத் துவைக்கிற கல்லின் மேல் வைத்துவிட்டு, "உள்ள இப்ப போவாதீங்க" என்று மட்டும் சொல்லிப் போனார்.

கொல்லையில் முருங்கை மரத்தடியில் நின்றோம். அவர் கையில் அந்த லைட்டர் இன்னும் இருந்தது. நான் பிடுங்கித் தூரப் போட்டேன்.

"உனக்கு வாசனை வர்ல?" என்றார்.

"உங்களுக்கு?"

முருங்கைப் பட்டையை நகத்தால் சுரண்டினார். அப்புறம் மெதுவாக, "தோலுக்குக் கலர் அடிக்கிற எடத்துக்கு மாத்தினாங்கல்ல, அப்பலேர்ந்தே கம்மியாய்டுச்சு. அப்புறம் சுத்தமா போய்டுச்சு" என்றார். "நீ இருக்கியேன்னு தைரியமா இருந்தேன்."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் புத்தி எங்கேயும் போகவில்லை. அதற்கு நான் கோயிலுக்கு நேர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் அவரை நம்பி நானும் என்னை நம்பி அவரும் நிம்மதியாகத் தூங்கிய நாட்களை நினைத்தால் குலை நடுங்கியது. அந்த வீட்டில் மூக்கே இருந்ததில்லை.

"அப்ப தெருமுனை வரைக்கும் வருதுன்னு சொன்னதெல்லாம்?"

"கடுகு வெடிக்கிற சத்தம் கேக்கும்ல, அப்ப சொல்வேன்." என் கொண்டையைப் பார்த்தார். நேற்றைய வாடிய பூ அதில் இருந்தது. "நீ?"

"நீங்க ஆசையா வாங்கினு வர்றீங்களேன்னு" என்றேன். சிரிக்கத்தான் நினைத்தேன், அழுகை வந்துவிட்டது.

அன்றைக்கே அவர் மகளுக்குப் போன் போட்டு, பேத்தியை அனுப்ப வேண்டாம், லீவுக்கு நாங்களே வருகிறோம் என்று சொன்னார். காரணம் சொல்லவில்லை. "ஒரேயடியா வந்துடுங்கப்பா" என்று அவள் குதித்தது எனக்கு இங்கே கேட்டது. கரண்ட் அடுப்பு வாங்கிவிடலாம் என்று அவர் சொன்னார். வாங்கலாம். கேஸ் பயம் போகும். புகை பயம்? கெட்டுப்போன குழம்பு? சுவரில் வயர் கருகினால்? ஒன்றைத் தீர்த்தால் பின்னாலேயே இன்னொன்று வந்து நின்றது. பக்கத்து வீட்டு அம்மாவிடம் மட்டும் விஷயத்தைச் சொன்னோம். அவர் தினமும் காலையில் ஒரு நடை பின்வாசலில் வந்து நின்று, "ஒண்ணும் இல்ல, பத்த வைங்க" என்று சொல்வதாக ஏற்றுக்கொண்டார். அந்த அம்மா வாணியம்பாடிக்கு அக்கா வீட்டுக்குப் போகிற நாளில் என்ன செய்வது என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சாயங்காலம் அந்த அம்மாவே வந்து நின்று பார்த்துச் சொன்ன பிறகு ரசம் வைத்தேன். நெய்யில் கடுகு போட்டேன். படபடவென்று வெடித்தது. கூடத்திலிருந்து சத்தமே இல்லை. கரண்டியைப் பிடித்தபடி காத்திருந்தேன். இல்லை. காலையில் வராத அளவுக்குப் பயம் அப்போது வந்தது. இனிமேல் இந்த வீட்டில் எங்களுக்கு மிச்சம் பயம் மட்டும்தானா?

"ஏங்க, கடுகு வெடிச்சது கேக்கலியா?" என்று குரல் கொடுத்தேன்.

எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெருமுனை வரைக்கும் வருதுடி" என்றார்.

நான் அடுப்பை அணைத்தேன். அவர் குனிந்து அதே குமிழை இன்னொரு தடவை திருகிப் பார்த்தார். பிறகு நானும் பார்த்தேன்.