குசினிக்கு வெளியே நின்ற சட்டி

வெள்ளித்தாள் மூடியைக் கிழித்தவுடன் முகத்தில் அடிக்கும் ஆவியில் வதக்கிய வெங்காயமும் கோழியும் கலந்த ஒரு வாசம் இருக்கும். சிட்னியில் வீடில்லாத பெண்களுக்கான விடுதியில் நானும் அம்மாவும் இருந்த அந்தக் குளிர்காலம் முழுவதும், எனக்குப் புதன்கிழமை என்றால் அந்த வாசம்தான். யூதத் தொண்டர்கள் தங்கள் ஜெபக்கூடத்துச் சமையலறையில் சமைத்து, சூடு ஆறுமுன் கொண்டுவந்து தருவார்கள். பத்து வயதுப் பசிக்கு அவர்கள் எந்த மதமாய் இருந்தால் என்ன!

விடுதிக்கு நாங்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை. அப்பாவைப் போரில் இழந்து படகில் வந்த எங்களுக்கு வென்ட்வேர்த்வில்லில் அறை வாடகைக்குத் தந்த தமிழ் ‘வீட்டுக்கார அன்ரி’ முதலில் ‘தங்கச்சி, தங்கச்சி’ என்று உருகினார். பிறகு யாரிடமோ விசாரித்திருக்கிறார், ஊரில் நாங்கள் ‘எந்தப் பக்கம்’ என்று. அதோடு சரி. சமையலறையைக் காட்டி, "இனிக் குசினிக்குள்ள வராதேங்கோ, கராஜுக்குள்ள அடுப்பு வைச்சுத் தாறன்" என்றார். அம்மா "ஓம் அக்கா" என்று சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குப் போனாள். கொஞ்ச நாளில் அறையையும் காலி செய்யச் சொன்னார். அதற்கும் "ஓம் அக்கா"தான். கடல் தாண்டியும் சாதியைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்த சனம் நாங்கள், வெட்கமாக இல்லையா?

தொண்டர்களில் மிரியம் அன்ரி என்று ஒருவர். வேலை செய்ய விசாவில் அனுமதி இல்லாமல் "சும்மா இருந்து விசர் பிடிக்குது" என்று புலம்பிக்கொண்டிருந்த அம்மாவை, எங்களோடு சமைக்க வாருங்களேன் என்று கூப்பிட்டவர் அவர்தான். பள்ளி விடுமுறையில் மொழிபெயர்க்க நானும் கூடப் போவேன். அவர்கள் சமயத்தில் பாலும் இறைச்சியும் கலக்கக்கூடாதாம்; அங்கே பாலுக்கு ஒரு சிங்க், இறைச்சிக்கு ஒரு சிங்க், கத்திகூட வேறு வேறு. "எங்கட கோயில் மடப்பள்ளியிலையும் இப்பிடித்தான் ஆசாரமாம். ஆர் எங்களை உள்ள விட்டுக் காட்டினது!" என்று வெங்காயம் அரிந்தபடியே அம்மா சிரிப்பாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

அந்தச் சந்தோசத்தில் ஒருநாள் விடுதி அடுப்பில் கத்தரிக்காய்க் கறி வைத்து, சட்டியோடு ரயிலேறிப் போனாள், எல்லோருக்கும் தன் கையால் போட வேண்டும் என்று. மிரியம் அன்ரி வாசலிலேயே மறித்தார். பாவம், பதறிப்போய் விளக்கினார்: இது கோஷர் சமையலறை, எங்கள் சமய விதிப்படி வெளியில் சமைத்ததும் வெளிச்சட்டியும் உள்ளே வரக்கூடாது, என் கூடப்பிறந்த தங்கை கொண்டுவந்தாலும் வரக்கூடாது. நான் அதை அப்படியே தமிழில் சொன்னேன், தங்கையையும் விடாமல். "குசினிக்குள்ள வரக்கூடாதாமோ?" என்றாள் அம்மா. முகம் கறுத்துவிட்டது. "வா பிள்ளை, போவம்."

அதன்பிறகு புதன்கிழமைகளில் எங்கள் அறைக்கதவு சாத்தியே இருந்தது. மிரியம் அன்ரி வந்து கதவைத் தட்டி, அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார். அம்மா திறக்கவில்லை. கூடத்தில் கோழி மணக்க, நாங்கள் உள்ளே பாணும் பட்டரும் தின்றோம். குசினியிலிருந்து கலைத்து விரட்டிய வீட்டுக்கார அன்ரியைக் கடையில் கண்டால் "சுகமோ அக்கா" என்று கேட்கிற அம்மா, கூப்பிட்டுக் கையில் கத்தி கொடுத்தவர்களை மன்னிக்கவில்லை. எனக்குப் பசியைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

இப்போது நான் வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடுதியை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். மிரியம் அன்ரியும் காலமாகிவிட்டார் என்று போன மாதம் கேள்விப்பட்டு அம்மாவிடம் சொன்னேன். இத்தனை வருசம் அடக்கி வைத்திருந்ததையும் சேர்த்துக் கொட்டினேன்: "அந்த மனிசி எங்களைத் தள்ளி வைக்கேல்லை அம்மா. அது அவையின்ர சமயம். நான் அண்டைக்கே சொன்னனானெல்லே?"



"எனக்கும் அண்டைக்கே தெரியும்" என்றாள் அம்மா. "எங்கட ஆக்களோட கோவிச்சா எங்களுக்கு நிக்க இடமில்லை. அவையோட கோவிச்சா ஒருத்தரும் ஒண்டும் செய்யமாட்டினம். அதுதான் கோவிச்சனான். பாவம், நல்ல மனிசி."