தொண்டியில் தாளித்த எண்ணெய்

தொண்டியில் எனக்கு விஷம் வைத்துவிட்டார்கள் என்று நான் நம்பினேன். கொஞ்ச நேரம்தான். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் உயில் எழுதவில்லையே என்று பதறி, எழுத என்ன இருக்கிறது என்று யோசித்து, ஒன்றும் இல்லை என்று ஆறுதலும் அடைந்துவிட்டேன்.

ராமநாதபுரத்தில் காலை எட்டரைக்குப் பஸ். தொண்டிக்கு இருபத்தெட்டு மைல், டிக்கெட் ஒரு ரூபாய் இருபது நயா பைசா. ஐப்பசி மாதம். முந்தைய வாரம் அடித்த காற்றில் உடைமரங்கள் சாலையில் சாய்ந்து கிடந்தன. பஸ் அவற்றுக்கு வணக்கம் சொல்லிச் சொல்லி ஒதுங்கிப் போயிற்று.

மதுரையில் எனக்கு ஒரு சைக்கிள் கடை. அங்கே சாமான் வாங்க வருகிற தொண்டிக்காரர் சீனி முகம்மது. "ஒரு நடை எங்க ஊருக்கு வாங்கண்ணே. எங்க மதினி தாளிக்கிற எண்ணெயில ரொட்டியத் தொட்டுத் தின்னு பாருங்க, அப்பறம் ஊருக்குத் திரும்ப மாட்டீக" என்று நாலு வருஷமாக ஆசை காட்டிக்கொண்டிருந்தார். அவருடைய அண்ணன் காதர் மீரான் தோணிக்காரர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போய்ப் பழகிய ருசி அது. தோணி கரை திரும்பினால், பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் ரொட்டியும் அந்த எண்ணெயும் வைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். ராமநாதபுரத்துக்கு வேறு வேலையாக வந்த நான், சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டேன்.

பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் கோழிக்கூடையோடு ஒரு பெரியவர். நான் எண்ணெய் தின்னப் போகிற பெருமையை அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம்.

"பாத்துத் தின்னுங்க. வடக்க ஒரு ஊருல நல்லெண்ணெயில பெரமதண்டு வெத எண்ணெயக் கலந்து வித்துப்புட்டானாம். தின்னவுக காலெல்லாம் ஒரலு மாதிரி வீங்கிப்போச்சு."

"பொழச்சாங்களா?"

"சில பேரு" என்று சொல்லிவிட்டு அவர் கோழியைத் தடவிக் கொடுத்தார்.

தேவிபட்டினத்தில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. கடலோரத்தில் ஒரு கூட்டம் எதையோ சுற்றி நின்றது. நவபாஷாணத்துக்கு வந்த யாத்ரிகர்கள் என்று முடிவு கட்டி நான் டீ குடித்தேன்.

தொண்டி சேரும்போது மணி பதினொன்றரை. சீனியின் வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். உள்ளிருந்து பூண்டு சிவக்கும் மணம். தோணி வந்துவிட்டது, விருந்து நடக்கிறது, நம் அதிர்ஷ்டத்தைப் பார் என்று நுழைந்தேன். சீனியின் கண் சிவந்திருந்தது. வெங்காயம் உரித்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு கணம் தயங்கியவர், "உக்காருங்கண்ணே" என்று பாயைக் காட்டினார்.

அந்த எண்ணெயின் பக்குவம் சீனி சொல்லிச் சொல்லி எனக்கு மனப்பாடம். நல்லெண்ணெய் காய்ந்ததும் தட்டிய பூண்டு, கிள்ளிய வற்றல், சோம்பு, கறிவேப்பிலை. இறக்கும் நேரத்தில் இடித்த மாசிக் கருவாடும் உப்பும். அடுப்பை விட்டு எடுத்த பிறகு எலுமிச்சை பிழிந்து, சூடு ஆறுமுன் கிண்ணத்தில் ஊற்ற வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து மதினி ஜெய்னம்பு நீட்டியதை வாங்கி, சீனி ஆளுக்கொரு கிண்ணமும் ரொட்டியும் வைத்தார். நான் தொட்டேன், தின்றேன், கிண்ணத்தை வழித்தேன். காது வரை காரம். சொர்க்கம்.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். சுற்றி உட்கார்ந்திருந்த ஏழெட்டுப் பேரில் ஒருவரும் தின்னவில்லை. எதிரே இருந்த பெரியவர் ரொட்டியை எண்ணெயில் தொட்டார், வாய்வரை கொண்டு போனார், திரும்ப வைத்தார். எல்லோர் கண்ணும் என் காலிக் கிண்ணத்தின்மேல் இருந்தது. கோழிக்காரர் ஞாபகம் வந்தது. மெதுவாக வேட்டியை நகர்த்தி முழங்காலுக்குக் கீழே அமுக்கினேன். குழி விழுந்தது. எனக்கு எப்போதுமே குழி விழும். அப்போது அது நினைவிருந்தால்தானே!

எழுந்து ஓடி, கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு தொண்டைக்குள் விரலை விட்டேன். சீனி பின்னாலேயே வந்தார்.

"என்னண்ணே, ஒத்துக்கலியா?"

"உள்ளதச் சொல்லுங்க சீனி. எண்ணெயில என்ன கலந்திருக்கு? ஏன் ஒருத்தரும் திங்கல?"

அவர் என்னையே பார்த்தார். "ஒண்ணுமில்லண்ணே. தொண்டையில எறங்கல, அம்புட்டுதான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "காத்தடிச்ச அன்னைக்குக் கடல்ல இருந்த அண்ணன் தோணி திரும்பல. மவுத்தான வீட்டுல அடுப்பு மூட்ட மாட்டோம், அக்கம்பக்கத்துல இருந்துதான் சோறு வரும். அப்புடிக் கொண்டாந்த சட்டியெல்லாம் மதினி திருப்பி விட்டுட்டாக. 'எங்க அடுப்பு எரியுது, அவுக வாராக'ன்னு தெனமும் இதத் தாளிச்சு, வாரவுகளுக்கெல்லாம் வைக்கிறாக. நேத்துத் தேவிபட்டினத்துல தோணியத் திருப்புற சுக்கான் கரை ஒதுங்கிருச்சு. அண்ணன் கையால பச்ச பூசுன சுக்கான். அதச் சொல்லத்தான் எல்லாரும் வந்திருக்காக. வாயத் தொறக்க ஒருத்தராலயும் ஏலல."

காலையில் நான் டீ குடித்துக்கொண்டே பார்த்த யாத்ரிகர்கள்.

வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "தம்பி, கிண்ணத்தையெல்லாம் கொண்டாங்க. இன்னொரு ஈடு எறக்கி வச்சிருக்கேன்."

சீனி எதிரே இருந்த பெரியவரைப் பார்த்தார். அவர் ஜெய்னம்புவின் தாய்மாமன். அவர் தலையசைத்தார். ஆறிப்போன எண்ணெய்க் கிண்ணங்களைச் சீனி தட்டில் அடுக்கினார். எல்லாம் ஊற்றியபடியே இருந்தன, என்னுடையது தவிர. தட்டு திரைக்குள் போயிற்று.

உள்ளே கிண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"ஒரு கிண்ணந்தான் காலி. யாரு சாப்புட்டது?"

"மதுரையில இருந்து வந்த அண்ணன், மதினி."

"அவுகளுக்குத் தெரியாதாக்கும்."

மறுபடி அதே குரல், சற்றும் உயராமல்: "எங்கன ஒதுங்குச்சு, மாமா?"

"தேவிபட்டினத்துல, தாயி. சுக்கான் மட்டும்." பெரியவர் "இன்னா லில்லாஹி" என்று இறந்தவர்களுக்கு ஓதுவதைத் தொடங்கினார், மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். அதற்கிடையில் எரியும் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டது. திரைக்கு அடியிலிருந்து புகை வந்தது.

எங்கள் மதுரைத் தெருவில் துக்க வீட்டுக்குப் போனால் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்புவோம். நான் வயிறு நிறையத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன்.

மறுநாள் காலைப் பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, பக்கத்து வீட்டிலிருந்து ஒரு மூடிய சட்டி அந்த வீட்டுக்குள் போவதைப் பார்த்தேன். அது திரும்பி வரவில்லை.

என் கால் வீங்கவில்லை. எண்ணெயில் எந்தக் கலப்படமும் இல்லை. காதர் மீரானும் அவரோடு தோணியில் போன மூன்று பேரும் கடலில் இறந்துவிட்டார்கள்.