பேட்டரி ஆறும் வளைவு

அந்தக் கட்டை இன்னும் என் ஆஸ்பத்திரிப் பையில்தான் கிடக்கிறது. உள்ளங்கை அகலத்தில் ஒரு சில்வர் ஓக் துண்டு. அண்ணியின் எலெக்ட்ரிக் ஆட்டோவில் டிரைவர் சீட்டுக்கு அடியில் பேட்டரி இருந்தது. அது ஆறுவதற்காக சீட்டைத் தூக்கி நிறுத்தும்போது, சாயாமல் இருக்க இதைத்தான் முட்டுக்கொடுப்போம்.

சிறுநீரகம் கைவிட்ட பிறகு வாரம் மூன்று முறை குன்னூருக்கு இறங்கி ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருகிறேன். இறங்குவது பெரிய பாடில்லை, ஏறுவதுதான் பாடு. பிழிந்துபோட்ட துணிபோல வண்டியில் கிடப்பேன், ஒவ்வொரு வளைவிலும் குடல் புரளும். எஸ்டேட் பேக்டரியில் வாட்ச்மேனாக இருந்து ஊரையே அதட்டிப் பழகிய வாய் இது. முடியவில்லை என்று யாரிடமும் சொல்ல வராது. ஒருநாள் பஸ்ஸில் எல்லோர் முன்னாலும் வாந்தி எடுத்துவிட்டேன். அவர்கள் காட்டிய பரிதாபத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இனிப் போவதில்லை என்று வீட்டில் படுத்துவிட்டேன். போகாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துதான் படுத்தேன்.

அண்ணன் இறந்த பிறகு ஆட்டோ ஓட்டிப் பிழைத்துவந்த அண்ணி, வாசலில் வண்டியை நிறுத்தினார். "தம்பி, உங்களையச் சும்மா ஒண்ணும் கூப்புடலீங்க. மேட்டுல பேட்டரி சூடாயிருது. கூடமாட ஒரு ஆளு வேணுமுங்க" என்றார். கட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் உத்தியோகம் அப்படித்தான் எனக்கு வாய்த்தது.

பாதி மேட்டில், தேயிலைச் சரிவை ஒட்டிய வளைவில், ஒவ்வொரு முறையும் வண்டி நிற்கும். "கொதிக்குதுங்க தம்பி, ஆறட்டும்." சீட்டைத் தூக்கிவைத்து ஓர் அட்டையால் விசிறுவார். பாதிக் காற்று என் முகத்தில்தான் படும். நான் இறங்கிப் போய்ச் சரிவோரம் குனிந்து நிற்கும்போது அண்ணி பேட்டரியை விட்டுக் கண்ணெடுக்க மாட்டார். வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து நான் கொஞ்ச நேரம் சாய்ந்த பிறகுதான் அது ஆறும். "ஏனுங்க்கா, இந்தக் குளுருக்கு நமக்கே ஸ்வெட்டர் பத்தல, உங்க பேட்டரிக்கு வேர்க்குதுங்களா?" என்று ஆட்டோ ஸ்டாண்டில் கேலி செய்வார்கள். அண்ணி சிரித்துக்கொண்டே போய்விடுவார். நானும் ஓட்டை வண்டி என்று வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

முதுகுவலி முற்றி, அண்ணி இப்போது திருப்பூரில் மகள் வீட்டில் இருக்கிறார். வண்டியை ஸ்டாண்டிலேயே ஒருவர் வாங்கிக்கொண்டார். போன வாரம் முதல்முறையாக அவரோடு திரும்பினேன். வளைவு வந்தது, வண்டி நிற்கவில்லை.

"பேட்டரிய ஆற வைக்கலீங்களா?"

"இந்த மேட்டுக்கு இது சூடே ஆகாதுங்ணா. சூடாச்சுன்னா செவப்பு லைட்டு எரியுமுங்க. இத்தன வருசத்துல ஒருநாளும் எரிஞ்சதில்லைன்னு அக்காவே சொல்லித்தான் குடுத்தாங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. எத்தனை வருடம், எத்தனை முறை அந்த வளைவில் நின்றிருப்போம்! இந்த உடம்பைச் சுமந்து சுமந்து அலுத்துப்போன எனக்கு, அதை என்னைவிடப் பொறுமையாக ஒருத்தி சுமந்திருக்கிறாள் என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் குடலும் புரண்டது.

"நிறுத்துங்க. எனக்கு முடியலீங்க" என்றேன்.

அவர் பதறிப்போய் ஓரம்கட்டினார். அவர் முகத்தில் நான் பயந்த அதே பரிதாபம் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். சரிவோரம் போய்விட்டு வந்து, சீட்டைத் தூக்கச் சொன்னேன்.

"சூடே ஆகலீங்களேண்ணா."

"தெரியுமுங்க. சும்மா தூக்குங்க."

பையிலிருந்து கட்டையை எடுத்து முட்டுக்கொடுத்துவிட்டு, பேட்டரிப் பெட்டிமேல் கையை வைத்தேன். ஜில்லென்று இருந்தது.