பூச்சி இல்லை

ராத்திரி டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் வேலை என்பது, தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைத்து வரும் ஆம்பிளைகளிடம் "புட்டி எங்கே?" என்று கேட்கிற வேலை. பிள்ளையில்லாத குறைக்குப் பெண்டாட்டியைப் பட்டப்பகலில் கூட்டிவருவார்கள்; தங்களைச் சோதிக்க மட்டும் விளக்கு வைத்தபிறகு வருவார்கள். கூச்சப்படுகிறவர்களிடம் பேசிப் பிழைக்கிற தோழர்களே, என் பாடு உங்களுக்குத்தான் புரியும்.

மரியாதை

விந்தைப் பிடிக்கச் சுத்தமான, காய்ந்த புட்டி. பிடித்த ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரவேண்டும். நான் சொன்னது இம்புட்டுத்தான். ஜவுளிக்கடை பாய் ஒருவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, மறுநாள் அந்தியில் அழகான குட்டிப் புட்டி ஒன்றை நீட்டினார். திறந்தேன், அறை முழுக்க அத்தர் வாசனை. மைக்ராஸ்கோப்பில் ஒன்றுகூட உயிரோடில்லை. அத்தரில் எது பிழைக்கும்? டாக்டர் என்னை முறைத்தார். பாய்க்கும் என்மேல்தான் வருத்தம்: "டாக்டர் பாக்கப்போற சாமான், தம்பி. வெறும் மருந்துப் புட்டியில கொண்டாந்தா மரியாதையா இருக்குமா?"

லங்கோடு

ஆனையூர் குஸ்திக்காரர் ஒருவர். தூங்கும்போதும் லங்கோட்டை அவிழ்க்காதவர். விதைப்பை உடம்புக்கு வெளியே தொங்குவதே சூடு ஆகாது என்பதற்காகத்தான், குஸ்தி நேரம் தவிர இறுக்கிக் கட்டாதீர்கள், கள்ளையும் குறைத்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். அதைப் புரியவைப்பது என் தலையில் விழுந்தது. அரைமணி தொண்டை வறளப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் புஜத்தைத் தட்டிக்காட்டினார்: "இம்புட்டு ஒடம்பு இருக்கு. பிள்ளை பெற இதுக்கு மேல என்னண்ணே வேணும்?"

நல்ல சேதி

காளவாசல் பக்கம் சுண்ணாம்புச் சூளையில் தீப்போடுகிறவன் சங்கையா. கல்யாணமாகி எட்டு வருஷம். மனைவி பேச்சியம்மாளிடம் குறை எதுவும் தெரியவில்லை என்று லேடி டாக்டர் முன்பே சொல்லியாயிற்று. இவனை இரண்டு தடவை சோதித்தோம். இரண்டிலும் உயிரணு இல்லை.

நான் பழைய இங்கிலீஷ் புத்தகங்களை வைத்துக்கொண்டு நானாகப் படித்தவன். உயிரணு என்றால் வருகிறவர்கள் விழிப்பார்கள். நீந்துகிறதே என்று 'பூச்சி' என்றே சொல்லிப் பழகிவிட்டேன். "உனக்குப் பூச்சி இல்லையப்பா, டாக்டரை வந்து பாரு" என்றேன். விடியும் நேரம், எனக்குக் கண் சொருகியது. அவன் முகம் மலர்ந்ததைப் பார்த்தும் உறைக்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டான்: "எனக்குத் தெரியும்ணே, நம்ம ஒடம்பு சுத்தமான ஒடம்பு!"

மூன்றாம் நாள்

பேச்சியம்மாள் வாசலில் வந்து நின்றாள். "அவுகளுக்குப் பூச்சியே இல்லைன்னு சொன்னீகளாம். கோளாறு எனக்குத்தான்னு வேற பொண்ணு பாத்துட்டாக. வெள்ளிக்கிழமை வெத்தலை பாக்கு மாத்துறாக. நான் எங்கய்யா போவேன்?" என் வார்த்தை செய்த வினை அப்போதுதான் உறைத்தது. புருஷனைக் கையோடு கூட்டிவரச் சொன்னேன்.

அவன் வந்ததும், மைக்ராஸ்கோப்பில் யாரோ ஒருவருடைய துளியை வைத்து அவனைக் குனியவைத்தேன். "மீன்குஞ்சு மாதிரில்ல ஓடுது!" என்றான். அடுத்து அவனுடையதை வைத்தேன். எதுவும் ஓடவில்லை; கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி குனிந்து தேடினான். "அது ஓடணும் சங்கையா. ஓடினால்தான் பிள்ளை. நான் சொன்ன வார்த்தைதான் தப்பு" என்றேன். டாக்டர் வந்தார். சூளைச் சூடும் காரணமாக இருக்கலாம்; நாலு மாசம் தீயை விட்டு வேறு வேலை பார், மறுபடி சோதிப்போம்; ஆனால் உறுதி சொல்லமாட்டேன் என்றார்.

சங்கையா சுவரைப் பார்த்துக்கொண்டு, "பொண்ணு வீட்டுக்குச் சொல்லிவிட்டாச்சே" என்று முனகினான். பேச்சியம்மாள் குரலை உயர்த்தவே இல்லை: "அந்தப் புள்ளையையும் எதுக்கு மாமா மலடியாக்குறீக?"

பாக்கு மாற்றுவது நின்றது; பிள்ளை பிறந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், ஓர் ஆம்பிளையை மைக்ராஸ்கோப்பின் முன் குனியவைப்பதே இந்த வைத்தியத்தில் பாதி.